தழைச்சத்துப் பஞ்சமும் நீலப்பச்சைப் பாசியின் சர்க்கரையும்: ஓர் ஆய்வு வரலாறு

நீலப்பச்சைப் பாசியை ஆய்வகத்தில் வளர்க்கப் பயன்படும் பிஜி-11 ஊட்டக்கரைசலில் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட் சேர்ப்பார்கள். அந்த ஓர் உப்பை மட்டும் நிறுத்திவிட்டு, சினெகோசிஸ்டிஸ் என்ற ஒற்றைச்செல் பாசியைக் குடுவையில் இட்டு வெளிச்சத்தில் வைத்தால், சில நாளில் நீலம் போய்விடும். பிறகு பச்சையும் மங்கி, குடுவை பழுத்த இலைபோல் மஞ்சளாகிவிடும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இல்லாமல் பயிரின் அடியிலை மஞ்சளிப்பதைக் கண்ட உழவருக்கு இந்த நிறம் தெரிந்ததுதான். ஆனால் பாசி சாவதில்லை. கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாகச் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொண்டு உறங்குகிறது. இந்த உறக்கத்தின் காரணத்தைத் தேடிய வரலாற்றில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸுக்கும் ஓர் இடம் உண்டு.

தொடக்கத்தில் கேள்வி நேர்மாறாக இருந்தது. பாசி நமக்கு எவ்வளவு தழைச்சத்துத் தரும் என்றே கேட்டார்கள். வங்கத்து நெல்வயல் மண்ணை ஆராய்ந்த பி. கே. டே, காற்றின் நைட்ரஜனை அங்கே நிலைநிறுத்துவது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியே என்று 1939இல் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ இப்பாசிகளை இனங்காணும் அடிப்படை நூலாயிற்று. பாசிக்கே தழைச்சத்து இல்லாமற்போனால் என்ன ஆகும் என்ற கேள்வி சற்றுப் பிந்தியே வந்தது. 1969இல் மேரி ஆலனும் ஆர்னால்ட் ஸ்மித்தும் அந்த மஞ்சளாதலை விவரித்தார்கள். ஒளியைப் பிடிக்கும் நீல நிறமிப் புரதத்தைப் பாசி உடைத்துவிடுகிறது; நைட்ரஜன் திரும்பக் கிடைத்தால் மறுபடி கட்டிக்கொள்கிறது.

பாசிக்குத் தன் பஞ்சம் எப்படித் தெரிகிறது? செல்லுக்குள் அமோனியாவை ஏற்று அமினோ அமிலமாக மாறுவது 2-ஆக்சோகுளூட்டரேட் என்ற கரிமச் சேர்மம். நைட்ரஜன் வராதபோது அது செலவாகாமல் தேங்குகிறது. அந்தத் தேக்கமே செய்தி. பி-டூ என்ற புரதமும் என்டிசிஏ என்ற மரபணு இயக்கியும் அதை உணர்ந்து செயல்படுகின்றன.

இங்கேதான் ஒரு புதிர் வருகிறது. ஜப்பானின் தகாஷி ஓசனாயும் உடன் ஆய்வாளர்களும் 2005இலும் 2006இலும் வெளியிட்ட கட்டுரைகள், நைட்ரஜன் குறையும்போது சர்க்கரையை உடைக்கும் மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதைக் காட்டின. என்டிசிஏவும் சிக்-ஈ என்ற சிக்மா காரணியும் அவற்றைத் தூண்டுகின்றன. ஆனால் அதே வேளையில் கிளைக்கோஜன் குவிகிறதே! களஞ்சியத்தை நிரப்பும்போதே அதைத் திறக்கும் ஆட்களையும் அமர்த்துவானேன்? எனக்குத் தெரிந்து இத்துறையின் மிக அழகான கேள்வி இதுதான். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஃபோர்ச்ஹாமர் குழுவினர் 2016, 2018 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. உறங்கும் பாசிக்கு நைட்ரேட் கொடுத்தால் அது உடனே ஒளிச்சேர்க்கைக்குத் திரும்புவதில்லை. முதலில் கிளைக்கோஜனை எரித்து ஆற்றல் பெறுகிறது. அந்த ஆற்றலில் நிறமிகளைத் திரும்பக் கட்டி, ஏறக்குறைய 48 மணி நேரத்தில் பசுமையாகிறது. உடைக்கும் நொதிகள், பாசி விழிக்கும் நாளுக்காக முன்கூட்டியே ஆயத்தமாக்கப்படுகின்றன என்றே நான் இதைப் படிக்கிறேன்.

நைட்ரஜன் இல்லாத பாசி சேர்ப்பது கிளைக்கோஜன் மட்டுமன்று. அதிலிருந்து ஒரு பகுதியைப் பிஎச்பி என்ற பாலியெஸ்டராகவும் மாற்றுகிறது. மண்ணில் மக்கும் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் அது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இங்கே நுழைகிறது. அதன் வேதி உயிரியல் மையம் இருப்பது பாயான் லெப்பாஸில். 1972இல் தடையற்ற வணிக வலயம் வந்த பிறகு வயல்கள் மின்னணுத் தொழிற்சாலைகளாக மாறிய ஊர். அப்பல்கலைக்கழகத்தின் நியோக் சியான் லாவ், கே. சுதேஷ் ஆகியோரும், ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்து மினாமி மாட்சுயி முதலானோரும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரபணு மாற்றிய சினெகோசிஸ்டிஸ், வெளியிலிருந்து கரிம உணவு எதுவும் இல்லாமல், எடையில் 14 விழுக்காடு இவ்வகைப் பாலியெஸ்டரைச் சேர்த்தது. அசிட்டேட் என்ற கரிம உணவைக் கொடுத்தபோது 41 விழுக்காடு. ஆனால் இந்த எண்களைவிட அவர்கள் எட்டிய முடிவே முக்கியமானது. பாலியெஸ்டர் அதிகம் சேர்ந்த செல்களில் அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் குறைவாகவே இயங்கின. ஆகவே தட்டுப்பாடு நொதியில் இல்லை. செல்லுக்குள் ஓடும் மொத்தக் கரிமத்தின் வரத்தே இதைத் தீர்மானிக்கக்கூடும் என்றார்கள்.

அந்த வரத்துக்கு ஒரு மடை இருப்பது பிறகு தெரிந்தது. பிர்-சி என்ற சிறு புரதம், நைட்ரஜன் இருக்கும்போது பி-டூவோடு ஒட்டிக்கிடக்கிறது; 2-ஆக்சோகுளூட்டரேட் தேங்கியதும் விடுபட்டு, கரிமம் பிஎச்பியை நோக்கிக் கீழே இறங்கும் வழியிலுள்ள ஒரு நொதியை அடைக்கிறது. அதனால் கரிமம் கிளைக்கோஜன் பக்கம் திரும்புகிறது. 2020இல் டூபிங்கன் குழு அந்த மடையை அகற்றி, வேறொரு பாக்டீரியாவின் இரு மரபணுக்களையும் சேர்த்தது. நைட்ரஜனும் பாஸ்பரசும் இல்லாத நீரில் அப்பாசி எடையில் 63 விழுக்காடு பிஎச்பி சேர்த்தது. அசிட்டேட்டோடு 81 விழுக்காடு.