கஸ்தூரிவேல்

பூவை மோந்தவர்கள் இதைக் கஸ்தூரிவேல் என்றார்கள். வேரைத் தோண்டியவர்கள் பீவேல் என்றார்கள். தமிழில் ஒரே செடிக்கு வழங்கும் இரு பெயர்கள் இவை. இந்தியில் ‘குஹ் பபூல்’ என்றாலும் பொருள் பீவேல்தான். தாவரவியலில் இதற்கு வாசெலியா ஃபார்னேசியானா என்று பெயர்.

அடியிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து, ஓர் ஆள் உயரத்துக்கோ இரண்டு ஆள் உயரத்துக்கோ வளரும் முட்புதர் இது. சிறு கிளைகள் நேராகப் போவதில்லை. கணுவுக்குக் கணு திசை மாறும். கணுதோறும் வெள்ளை முட்கள் இணையிணையாக நிற்கும். பூ என்று நாம் பறிப்பது உண்மையில் பல நுண்பூக்கள் சேர்ந்த, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள மஞ்சள் உருண்டை. கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் முழுவதும் மகரந்தத் தாள்களே, இதழ்கள் அல்ல. கருவேலங்காய் மணி கோத்தது போல் இடை இடுங்கியிருக்கும். இதன் காயோ விரல் பருமனில் உருண்டு, முற்றியதும் கறுத்துவிடும். தானாக வெடிப்பதில்லை. ஆடுமாடுகள் சதைக்காகத் தின்று போகிற இடமெல்லாம் விதையைப் போட்டுவிட்டு வரும். ஓடு கடினமானதால் அவற்றின் வயிற்றைக் கடந்தும் விதை முளைக்கும்.

தாயகம் வெப்ப அமெரிக்கா. டெக்சாஸின் தென்பகுதி, மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்கா ஆகிய இடங்களின் வறண்ட முட்காடுகளிலும் ஆற்றோரக் களிமண்ணிலும் இது தானே வளர்கிறது. வறட்சியைத் தாங்கும், உப்பு கலந்த மண்ணையும் ஓரளவு பொறுக்கும். கடும் உறைபனிதான் ஆகாது. மெக்சிகோவில் இதற்கும் இதன் இனத்தாருக்கும் உயிசாச்சே என்று பெயர். முள் மிகுந்தது என்று பொருள்படும் நாவாட்டுல் மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. மெக்சிகோ நகரத்தின் தென்கிழக்கில் உள்ள ஒரு குன்றுக்கும் இந்த முட்செடியால்தான் பழைய பெயர் அமைந்தது. அஸ்தெக் மக்கள் 52 ஆண்டுக்கு ஒருமுறை புதுநெருப்பு மூட்டியது அந்தக் குன்றின் உச்சியில். நமக்கு அறுபது ஆண்டுச் சுற்று, அவர்களுக்கு 52. கடைசியாக நெருப்பு மூட்டியது 1507இல். அடுத்த சுற்று முடிவதற்குள் ஸ்பானியர் வந்துவிட்டார்கள்.

அறிவியல் பெயரில் உள்ள ஃபார்னேசே ஒரு ரோமானியப் பிரபுக் குடும்பம். கரீபியத்தின் சாந்தோ தொமிங்கோவிலிருந்து வந்த விதை 1611இல் ரோமில் அக்குடும்பத்தின் தோட்டத்தில் முளைத்தது. தோபியா அல்தீனி என்பவர் பெயரில் 1625இல் வெளியான தோட்டத் தாவர நூல், படத்தோடு இதை விவரித்தது. எழுதியவர் உண்மையில் பியெத்ரோ கஸ்தெல்லி என்ற மருத்துவர். நூலில் செடியின் பெயர் ‘அக்கேசியா இண்டிகா ஃபார்னேசியானா’. அந்த ‘இண்டிகா’ நம் இந்தியா அல்ல, மேற்கிந்தியத் தீவுகள். கொலம்பஸ் செய்த குழப்பத்தின் மிச்சம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை மிமோசா இனத்தில் வைத்தார். 1806இல் வில்டனோவ் அக்கேசியாவுக்கு மாற்றினார்.

அடுத்த பெயருக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், ஸ்காட்லாந்தின் வாக்கர் ஆர்னட்டுடன் சேர்ந்து 1834இல் தென்னிந்தியத் தாவர நூலை வெளியிட்டார். வாசெலியா என்ற புதுப் பேரினத்தை அதில்தான் இந்தச் செடிக்காக உருவாக்கினார்கள். சீனாவில் செடி சேகரித்த பாதிரியார் ஜார்ஜ் வாசெல் நினைவாக வைத்த பெயர் அது. 1842இல் தாவரவியலாளர் பெந்தம் அதை மறுபடி அக்கேசியாவில் கரைத்துவிட, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு, அக்கேசியா என்ற பெயரை ஆயிரம் வகைகளுக்குக் குறையாத ஆஸ்திரேலிய வாட்டில் செடிகளுக்குக் கொடுத்தது. தங்கள் மரங்கள் அந்தப் பெயரை இழந்ததால் ஆப்பிரிக்கர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் 2011 மெல்போர்ன் மாநாட்டில் முடிவு உறுதியானது. அதனால் வைட்டின் பழைய பெயர் உயிர்பெற்றது. நம் கருவேலும் வெள்வேலும் குடைவேலும் இன்று வாசெலியாக்களே. அசல் நம்மூர் மரங்களுக்கு அமெரிக்கப் புதர் ஒன்று குடும்பப் பெயர் கொடுத்திருப்பது விசித்திரம்தான்.

தென் பிரான்சில் கான், கிராஸ் நகரங்களைச் சுற்றி இதைப் பூவுக்காகவே பயிரிட்டார்கள். வாசனைத் திரவியத் தொழிலில் பெயர் ‘காசி’. முள்ளுக்கு நடுவே விரலைவிட்டு ஒவ்வோர் உருண்டையாகக் கொய்ய வேண்டும். பூவைக் கொழுப்பில் போட்டு வைத்தால் மணம் கொழுப்பில் இறங்கும். பூவை மாற்றி மாற்றிப் போட்டு, பிறகு சாராயத்தால் மணத்தைப் பிரித்தெடுப்பார்கள். வயலட் பூவை நினைவூட்டும் அந்த மணம் 2000இல் வெளியான ‘உன் ஃப்ளர் த காசி’ என்ற வாசனைத் திரவியத்துக்குப் பெயரையே கொடுத்தது.

மணத்துக்காக வரவேற்ற இடங்களில் முள்ளுக்காகத் திட்டும் விழுந்தது. ஃபிஜியில் இதை ‘எலிங்டன் சாபம்’ என்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் நுழைந்தால் அடர்ந்த புதராகி மாட்டுக்கு வழிவிடாது.

தமிழகத்தில் கரிசல் நிலம், குளத்து உள்வாய், ஆற்றங்கரை, சாலையோரம் ஆகிய இடங்களில் இதைக் காணலாம். வேலிக்கு ஆகும், விறகுக்கு ஆகும், காய் ஆட்டுக்கு ஆகும். பலர் இதையும் சீமைக்கருவேல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் வேறு இனம். பூத்திருக்கும்போது பார்த்தால் சந்தேகமே வராது: சீமைக்கருவேல் விரல் நீளக் கதிராகப் பூக்கும், கஸ்தூரிவேல் உருண்டையாகப் பூக்கும்.