கேளா ஒலி காட்டிய வழி

கருவுற்ற தாயின் சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். சிறுநீர் செல்லும் வழியும் விரியும். வளரும் கருப்பை பெரும்பாலும் வலப்புறம் சாய்வதால், வலச் சிறுநீரகத்திலேயே விரிவு மிகுதி. இஃது இயற்கை. எனினும், கல்லடைப்பாலும் இத்தகைய விரிவு நேரும். இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

முன்னாளில் மருத்துவர்க்கு எக்ஸ் கதிரே துணை. ஆனால், கருவிலேயே அக்கதிர் பட்ட குழந்தைகளிடையே புற்றுநோய் மிகுதி என 1956இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் அறிவித்தார். தாயை ஆராயும் கதிர் சேய்க்குத் தீங்காகுமோ என்னும் அச்சம் எழுந்தது.

அவ்வச்சத்திற்கு விடை தொழிற்சாலையிலிருந்து வந்தது. உலோகத்தின் உட்பிளவை எதிரொலியால் கண்டறியும் கருவியை, கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்டு 1955இல் அறுத்தெடுத்த கட்டிகளின்மீது சோதித்தார். மருத்துவர் ஜான் மெக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோருடன் அவர் எழுதிய ஆய்வுரை 1958இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது.

நீர் தேங்கிய இடம் எதிரொலி எழுப்பாது; ஆதலின் சிறுநீரகத்தின் விரிவு இன்று திரையில் கருமையாய்த் தெரிகிறது. அதன் காரணத்தைக் கருவி எப்போதும் கூறிவிடாது. வலி, காய்ச்சல், சிறுநீர்ச் சோதனை ஆகியவற்றையும் சீர்தூக்கியே மருத்துவர் தெளிகிறார். இருப்பினும், சேயைக் கதிருக்கு ஆளாக்காமல் தாயின் நலம் காண முதல் வழி திறந்தது ஒலியே அன்றோ!