குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு: நீரிழப்பை அறிதலும் தடுத்தலும்

24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மலம் நீராகக் கழிவது வயிற்றுப்போக்கு எனப்படும். தாய்ப்பால் மட்டும் அருந்தும் பச்சிளங்குழந்தை பல முறை இளகிய மலம் கழிப்பது இயல்பே. வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு ஆபத்தை விளைவிப்பது பெரும்பாலும் நீரும் உப்பும் உடலிலிருந்து வெளியேறுவதே ஆகும்.

உச்சிக்குழி பதிவது ஏன்?

கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்குவது நீரிழப்பின் அறிகுறியாகும். தொக்கம் எடுத்தல், குடல் தட்டுதல் ஆகியவற்றால் இழந்த நீர் திரும்பக் கிடைப்பதில்லை. சிகிச்சைக்குரிய நேரமே வீணாகிறது.

வீட்டில் உடனே செய்ய வேண்டியவை

• ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் கரைக்கவும். 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிடவும்.
• ஒவ்வொரு முறை மலம் கழித்த பின்னும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., 2 முதல் 5 வயது வரை 100 முதல் 200 மி.லி. கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டவும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் கழித்து மெதுவாகத் தொடரவும்.
• துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை 14 நாட்கள் தரவும்: 2 முதல் 6 மாதம் வரை நாளொன்றுக்கு 10 மி.கி.; அதற்கு மேல் 5 வயது வரை 20 மி.கி. மலம் கட்டுப்பட்டாலும் நிறுத்த வேண்டாம்.
• தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு அரிசிக் கஞ்சி, இட்லி, பருப்புச் சோறு போன்ற வழக்கமான உணவைத் தரவும். குளிர்பானம், தேநீர் தவிர்க்கவும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாக வழங்கப்படுகின்றன.

இக்கரைசலின் பயன் பெரிது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்கான் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் காலரா நோயாளிகளுக்கு இதனைக் குடிக்கக் கொடுத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. அங்கு கரைசலைப் புகட்டியவர்களுள் நோயாளிகளின் உறவினர்களும் இருந்தனர்.

உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• குடிக்க இயலாமை, அல்லது குடித்த அனைத்தையும் வாந்தி எடுத்தல்
• சோர்ந்து மயங்கிய நிலை, வலிப்பு
• குழிவிழுந்த கண்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல்
• சிறுநீர் மிகவும் குறைதல்
• மலத்தில் இரத்தம்
• கடும் காய்ச்சல்

இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ கண்டால், வேறு அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். வாகன வசதிக்கு 108 எண்ணை அழைக்கவும். குழந்தையால் விழுங்க முடிந்தால், வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே வரவும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தைகள் நலப் பிரிவு உள்ளது.

வருமுன் காத்தல்

6, 10, 14-ஆம் வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவறாமல் அளிக்கவும். குழந்தையின் மலத்தைக் கழுவிய பின்னும், உணவூட்டும் முன்னும் சோப்பிட்டுக் கைகளைக் கழுவவும். குடிநீரைக் காய்ச்சி ஆறவைத்து, மூடி வைத்துப் பயன்படுத்தவும்.