ஓடும் பருப்பும்: ஹாலே நகர மறைநூல் வாசிப்பும் தரங்கம்பாடிப் புதிய ஏற்பாடும்

தமிழ் உரைநடை வரலாற்றையும் அச்சு வரலாற்றையும் கற்பிக்கும் வகுப்புகளில் சீகன்பால்கு என்னும் பெயர் தவறாமல் இடம்பெறுகின்றது. அவர் 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கியதும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டு முடித்ததும் மாணவர் குறிப்பேடுகளில் தவறாமல் காணப்படும் செய்திகள். இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுவே என்பதையும் மாணவர் அறிவர். ஆயின், இருபத்து நான்கு வயது நிரம்பிய ஒரு செர்மானிய இளைஞர், உடல்நலம் குன்றியவர், வந்திறங்கிய சில நாள்களிலேயே தமிழ்ச் சிறுவரோடு மணலில் அமர்ந்து எழுத்துப் பயின்றது எதன்பொருட்டு என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. சமயப் பரப்பல் என்னும் ஒரு சொல்லில் விடையை அடக்கிவிட்டு அடுத்த நூற்றாண்டிற்குச் சென்றுவிடுகின்றோம்.

அவ்விடை பிழையன்று, போதாதது. சமயம் பரப்ப வந்தோர் அனைவரும் மறைநூலை மக்கள் மொழியில் ஆக்கிக் கையில் கொடுக்க முற்பட்டாரல்லர். கொல்லத்தில் 1578இல் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்ட அண்டிரிக் அடிகளாருக்கு மறைக்கல்வி நூலும் மன்றாட்டும் முதன்மையாயிருந்தன; விவிலியத்தை முழுமையாக மொழிபெயர்ப்பது அவர்தம் திருச்சபையின் அன்றைய தேவையாக இருக்கவில்லை. தரங்கம்பாடியில் அது தலையாய பணியாயிற்று. இவ்வேறுபாட்டின் வேர் தமிழகத்தில் இல்லை; செர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றது. அவ்வேரை நோக்கிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் செர்மானிய லூத்தரன் திருச்சபைக்குள் எழுந்த பயட்டிசம் என்னும் இயக்கத்தைத் தமிழில் பக்தி இயக்கம் என எழுதுவோர் உளர். அவ்வாறு எழுதின், நம் வாசகர்க்கு ஆழ்வார்களும் நாயன்மார்களுமே முன் நிற்பர். ஆதலின் பயட்டிசம் என்றே இங்கு ஆள்கின்றோம்.

பிராங்க்பர்ட் நகரில் மூத்த போதகராயிருந்த பிலிப் யாக்கோபு ஸ்பேனர் 1670 முதல் தம் இல்லத்தில் சிறு கூட்டங்களை நடத்தி வந்தார். 1675இல் பியா டெசிடெரியா, அதாவது பக்தி வேட்கைகள், என்னும் சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் முன்வைத்த பரிந்துரைகளுள் முதலாவது, கடவுளின் வார்த்தை மக்களிடையே இன்னும் மிகுதியாகப் பயிலப்பெறல் வேண்டும் என்பது. ஞாயிறுதோறும் போதகர் தெரிந்தெடுத்த பகுதியை மட்டும் கேட்டல் போதாது. குடும்பத்தலைவர் இல்லத்தில் வாசிக்க வேண்டும். கூடி வாசித்து உரையாட வேண்டும் என்றார். லூத்தர் விவிலியத்தைச் செர்மானிய மொழியில் தந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தும், அது சாதாரண வீட்டிற்குள் நுழையாத விலையுயர்ந்த பொருளாகவே இருந்ததை இப்பரிந்துரையே காட்டிவிடுகின்றது.

இவ்வெண்ணத்திற்கு உருக்கொடுத்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே (1663–1727). லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராயிருந்தபோது, 1686இல், நண்பர் பவுல் அன்டனுடன் சேர்ந்து விவிலியத்தை அதன் மூலமொழிகளான எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் பயிலும் ஒரு குழுவைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது மொழியியல் பயிற்சிக் குழுவே. இறையியல் பட்டம் பெறுவோர்கூட விவிலியத்தை நேரே வாசியாமல் கோட்பாட்டு நூல்களின் வழியாகவே அறிந்திருந்த காலம் அது.

அடுத்த ஆண்டு லூனபர்க் நகரில் நிகழ்ந்ததைப் பிராங்கே தம் வாழ்க்கைக் குறிப்பில் விரிவாக எழுதியுள்ளார். யோவான் நற்செய்தி 20ஆம் இயல் 31ஆம் வசனத்தை ஒட்டி மறையுரையாற்ற அவரை அழைத்திருந்தனர். இந்நூல் எழுதப்பெற்றதே வாசிப்போர் நம்புதற்பொருட்டு என்னும் கருத்தமைந்த வசனம் அது. உரையை ஆயத்தம் செய்ய அமர்ந்தவர்க்கு, தாம் பிறர்க்கு எடுத்துரைக்க வேண்டிய நம்பிக்கை தம்மிடமே இல்லை என்பது புலப்பட்டது. விவிலியம் கடவுளின் வார்த்தை எனில், இசுலாமியர் குர்ஆனையும் யூதர் தல்மூதையும் அவ்வாறே கருதுகின்றனரே, எது மெய்யென்று யார் சொல்வது என்னும் ஐயம் அவரை வாட்டியது. பல ஆண்டு இறையியல் படிப்பு அவ்வையத்திற்கு உதவவில்லை. தாம் நம்பாத கடவுளை நோக்கி, உண்மையிலேயே கடவுள் என ஒருவர் இருப்பின் காப்பாற்றுக என முழங்காற்படியிட்டதாகவும், கையைத் திருப்புவது போல ஐயம் நீங்கியதாகவும் அவர் எழுதுகின்றார்.

இவ்வகை அனுபவக் கூற்றை வரலாற்று மாணவர் எவ்வாறு கொள்வது? மெய்ப்பிக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. ஆனால் அதன் விளைவுகளை ஆராய இயலும். மொழியறிவு நம்பிக்கையைத் தராது என்பதை அறிந்தபின்னும் பிராங்கே மொழிக்கல்வியைக் கைவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்க முதல் விளைவு. 1693இல் வெளிவந்த அவர்தம் மறைநூல் வாசிப்பு வழிகாட்டி ஏழு வகை வாசிப்புகளைக் கூறுகின்றது. வரலாறு, இலக்கணம், பகுப்பு ஆகிய மூன்றும் ஓட்டைச் சார்ந்தவை. பொருள் விளக்கம், கோட்பாடு, உய்த்துணர்வு, வாழ்க்கைப் பயன் ஆகிய நான்கும் உள்ளிருக்கும் பருப்பைச் சார்ந்தவை. ஓட்டை உடையாமல் பருப்பு கிட்டாது; ஓட்டைக் கடித்துக்கொண்டிருப்பவனுக்குப் பசி தீராது. களவியலுரை கூறும் கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலங்கூறல் ஆகியவற்றைப் பயின்ற தமிழாசிரியர்க்கு இப்படிநிலை புதிதன்று. நம் உரைமரபில் இல்லாத ஒன்று பிராங்கேயிடம் உண்டு: இறுதிப் படியில் நூல் வாசகனை வாசிக்கத் தொடங்குகின்றது. வாசித்தபடி தன் வாழ்வு மாறாதவன் இன்னும் வாசித்தானல்லன் என்பது அவர் கொள்கை.

நான்கு தாலரும் பதினாறு குரோசனும்

லைப்சிக்கிலும் எர்பர்ட்டிலும் எதிர்ப்புக்கு உள்ளாகி வெளியேறிய பிராங்கே, 1692இல் ஹாலேயை அடுத்த கிளவுகா என்னும் வறிய ஊருக்குப் போதகராக வந்தார். அருகே உருவாகிவந்த புதிய பல்கலைக்கழகத்தில் கீழை மொழிப் பேராசிரியர் பதவியும் அவர்க்குக் கிடைத்தது. 1695இல் அவர் இல்லத்தில் வைத்திருந்த ஈகைப் பெட்டியில் ஒருவர் நான்கு தாலர் பதினாறு குரோசன் இட்டிருந்தார். இது நல்ல முதல். இதனைக்கொண்டு ஏழைப் பிள்ளைகட்குப் பள்ளி தொடங்கலாம் என அவர் துணிந்தார். இரண்டு தாலருக்குப் புத்தகம் வாங்கினார். நாளும் இரண்டு மணி நேரம் கற்பிக்க ஓர் ஏழை மாணவரை அமர்த்தினார். பிள்ளைகட்குக் கொடுத்த இருபத்தேழு புத்தகங்களுள் நான்கே திரும்பி வந்தன என்று அவரே குறிப்பிடுகின்றார். எஞ்சியவை பிள்ளைகளோடு மறைந்துபோயின. பள்ளி ஆசிரியராயிருந்த எவர்க்கும் இவ்விடத்தில் புன்னகை தோன்றும். அவர் மீண்டும் புத்தகம் வாங்கினார்.

1698இல் அநாதை இல்லத்திற்கு அடிக்கல் இடப்பெற்றது. கட்டி முடிக்கப் பணம் கையில் இல்லை. கூலி கொடுக்க வேண்டிய நாளில் எதிர்பாராத கொடை வந்து சேர்ந்த நிகழ்ச்சிகளைத் தொகுத்து 1701 முதல் அவர் நூலாக வெளியிட்டார். இல்லத்தின் முகப்பில் ஞாயிற்றை நோக்கிப் பறக்கும் கழுகுகளின் சிற்பமும், ஏசாயா 40ஆம் இயலின் இறுதி வசனமும் இன்றும் உள்ளன. அவர் மறைந்த 1727இல் அவ்வளாகப் பள்ளிகளில் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயின்றனர்.

இதனை இறைவனை நம்பியதன் கதையாக மட்டும் கூறுவோர் வேறு சில உண்மைகளை விட்டுவிடுகின்றனர். பிரான்டன்பர்க் ஆட்சியாளரிடமிருந்து 1698இல் பெற்ற சலுகை உரிமைகள், தொலைநாடுகட்கு மருந்து விற்ற மருந்தகம், எலர்ஸ் என்பார் தொடங்கி வளர்த்த புத்தக வாணிகம், அச்சகம் ஆகியன அந்நிறுவனத்தைத் தாங்கின. வணிகத்திறனே எல்லாம்; நம்பிக்கை வெறும் விளம்பரம் எனக் கூறுவோரும் உளர். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. கையில் பணமின்றி அடிக்கல் நாட்டுவது கணக்கறிந்த வணிகன் செய்யும் செயலன்று. மருந்தகக் கணக்கை நாள்தோறும் சரிபார்ப்பது வானத்தை மட்டும் நோக்கியிருப்பவன் செய்யும் செயலுமன்று. நம்புதல் என்பது பிராங்கேக்கு உழையாதிருத்தலைக் குறிக்கவில்லை. விளைவு தெரியுமுன்னரே பொறுப்பை ஏற்றலைக் குறித்தது. எனினும் கொடை வந்த கதைகளை அச்சிட்டுப் பரப்பியது மேலும் கொடையை ஈர்த்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மறைநூலை எளியோர் கையில் சேர்க்கும் பணியிலும் இவ்விணைவே காணப்படுகின்றது. கான்ஸ்டைன் பிரபு 1710இல் ஹாலேயில் விவிலிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அச்சுக்கோத்த பக்கங்களைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து மீண்டும் மீண்டும் அச்சிடுவது அவர் கண்ட வழி. முதலில் எழுத்து வாங்கப் பெருந்தொகை தேவை. பின்னர் ஒவ்வொரு பதிப்பும் மலிவு. புதிய ஏற்பாடு இரண்டு குரோசனுக்குக் கிடைத்தது. உலகின் முதல் விவிலியச் சங்கம் என இதனைக் கூறுவது வழக்கு.

தரங்கம்பாடியில்

1703இல் ஹாலேயில் சிறிது காலம் பயின்ற சீகன்பால்கு இச்சூழலைக் கண்டவர். டேனிய மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆணைப்படி புளூட்சோவுடன் தரங்கம்பாடிக்கு வந்தபோது, பருப்பை வழங்க வேண்டின் முதலில் ஓட்டைக் கற்க வேண்டும் என்னும் பயிற்சியோடு வந்தார். 1708 அக்டோபர் 17இல் கிரேக்க மூலத்தைக் கொண்டு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே கோட்டைத் தளபதி ஹாசியுசால் சிறையிடப்பெற்று நான்கு மாதம் உள்ளே இருந்தார். 1711 மார்ச் 21இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. இலண்டனிலிருந்து அனுப்பிய அச்சுப்பொறி, கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டுப் பிரேசிலில் தங்கிப் பின்னரே வந்தடைந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்து பெரிதாயிருந்து தாளை விழுங்கியது. எனவே சிறிய எழுத்துகளைப் பொறையாற்றில் வார்க்க நேர்ந்தது. அங்கேயே தாள் செய்யவும் முயன்றனர். நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714இல் வெளிவந்தன. எஞ்சிய பகுதி அடுத்த ஆண்டு வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்து வரை முடித்து 1719இல் அவர் மறைந்தார்.

ஓட்டைக் கற்கப் புகுந்தவர்க்கு ஓடே சுவைக்கத் தொடங்கியது என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. அவர் தொகுத்த தமிழ்ச் சுவடிப் பட்டியலும், 1716இல் ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கணமும், 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலும் அதற்குச் சான்று. கடைசியாகக் கூறிய நூலைப் பிராங்கே வெளியிட விரும்பவில்லை. பிறசமயத்தை வேரறுக்கச் சென்றவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதோ என்பது அவர் எண்ணம். நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. குர்ஆனையும் தல்மூதையும் எண்ணி ஐயுற்ற அந்த இளைஞரை இம்முடிவில் காண இயலவில்லை. நம்பிக்கை உறுதிப்பட்டபின் வினா மூடப்பெற்றது போலும்.

மொழிபெயர்ப்பின் சொற்களில் இந்நம்பிக்கையின் சுவடு இன்னும் ஆராயத்தக்கது. கடவுளுக்குச் சீகன்பால்கு கத்தோலிக்கர் வழக்கிலிருந்த சருவேசுரன் என்பதை ஏற்றார். பப்ரிசியுசு பராபரன் என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவன் நிலைபெற்றது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கின்றது. இம்மாற்றம் பலரும் எழுதியது. விசுவாசம் என்பது நம்பிக்கை ஆனது அந்த அளவு பேசப்படவில்லை. விசுவாசம் ஏற்றுக்கொண்ட கோட்பாட்டையும் அதற்குரிய உண்மைத்தன்மையையும் சுட்டும் சொல்லாகத் தமிழ்க் கிறித்தவரிடையே தோய்ந்துவிட்டது. நம்பு என்பதற்கோ தொல்காப்பிய உரியியல் விருப்பம் எனப் பொருள் கூறுகின்றது. லூனபர்க்கில் பிராங்கே தேடியது கோட்பாடன்று. அது அவரிடம் நிறைய இருந்தது. அவர் இழந்திருந்ததும் பெற்றதும் இரண்டாம் சொல்லுக்கே அணுக்கமானவை என்பது நம் கருத்து.

அச்சான நூல் யார் கைக்குப் போகும் என்பதை அச்சிட்டவர் அறிவதில்லை. தஞ்சை அரசின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்னும் கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் தம் கைக்கு வர, தாமே வாசித்து, 1728 அளவில் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து உபதேசியாரானார். மிசனரி எவரும் தஞ்சைக்குள் எளிதில் நுழைய இயலாத காலம் அது. ஸ்பேனர் விரும்பிய இல்ல வாசிப்பு, அவர் கேட்டறியாத மொழியில், அவர் காணாத நாட்டுப் படைவீரர் ஒருவரிடம் நிகழ்ந்தது.

ஹாலேயின் மற்றொரு கிளையும் தமிழகத்தை எட்டியது. 1825இல் அங்கு மாணவராகச் சேர்ந்த ஜார்ஜ் முல்லர், பிராங்கேயின் அநாதை இல்லத்தில் இரு மாதம் இலவசமாகத் தங்கியவர். 1836இல் பிரிஸ்டலில் தம் முதல் இல்லத்தைத் திறந்தபோது எவரிடமும் பணம் கேட்பதில்லை என்னும் நெறியை மேற்கொண்டார். ஆண்டறிக்கையை மட்டும் அச்சிட்டார். பிராங்கேயைப் பற்றிக் கூறிய ஐயம் இவர்க்கும் பொருந்தும். முல்லரின் மனைவியின் உடன்பிறந்தவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவிற்கு வந்தார். பாளையங்கோட்டையில் ரேனியுசிடம் பயின்ற திருநெல்வேலி இளைஞர் அருளப்பன் அவருடன் சேர்ந்தார். அயல்நாட்டுச் சங்கத்தின் ஊதியத்தை ஏற்காமல், வருவதைக்கொண்டு வாழ்ந்து, 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை அமைத்தார். 1860இல் அவர்தம் சபைகளில் எழுந்த சமய எழுச்சியை முன்னின்று நடத்தியவர்கள் தமிழர்களே. அருகில் ஐரோப்பியர் எவரும் இருக்கவில்லை. அவ்வெழுச்சியின் செய்தி, அருளப்பன் எழுதிய மடல்களின் வழியாகவும் இங்கிலாந்தை அடைந்தது.