பனிக்கட்டியின் காம்ப்டன் அலைவுகள் எதற்குச் சான்று?

நீரின் ஹைட்ரஜன் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை கணிசமாக உண்டென்பதை 1999-ஆம் ஆண்டின் காம்ப்டன் சிதறல் சோதனை நேரடியாகவே காட்டிவிட்டது என்று ஒரு சாரார் தொடர்ந்து எழுதிவருகின்றனர். அச்சோதனையின் அளவீடுகளில் எனக்கு ஐயமில்லை. அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவுதான் கேள்விக்குரியது.

அச்சோதனையில் ஐசக்ஸ் குழுவினர் ஒற்றைப் படிகப் பனிக்கட்டியில் எக்ஸ் கதிர்களைச் சிதறவைத்து, எலக்ட்ரான்களின் உந்தப் பரவலை வெவ்வேறு திசைகளில் அளந்தனர். சாதாரணப் பனிக்கட்டியில் ஒவ்வோர் ஆக்சிஜனைச் சுற்றியும் உள்ள நான்கு பிணைப்புகளில் ஒன்று படிகத்தின் முதன்மை அச்சுவழியே நிற்கிறது. மற்ற மூன்றும் அடித்தளத்தை ஒட்டிச் சாய்ந்திருக்கின்றன. எனவே அச்சுவழி அளவீட்டையும் அதற்குக் குறுக்கான அளவீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் பிணைப்பின் தடம் எஞ்ச வேண்டும். எஞ்சியதோ ஓர் அலைவு. அதிலிருந்து கிடைத்த தொலைவுகள் 1.72, 2.85 ஆங்ஸ்ட்ராம். முன்னது ஹைட்ரஜன் பிணைப்பின் நீளத்தையும், பின்னது அடுத்தடுத்த ஆக்சிஜன்களின் இடைவெளியையும் ஒத்திருந்தன. அண்டை மூலக்கூறுகளின் அலைச்சார்புகள் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. ஆகவே எலக்ட்ரான் பகிரப்படுகிறது என்பது அவர்கள் வாதம்.

இந்த ‘ஆகவே’யைத்தான் ஏற்க முடியவில்லை. தனித்தனி நீர் மூலக்கூறுகளின் அலைச்சார்புகளை எந்த மாற்றமும் செய்யாமல் அருகருகே வைத்து, பாலி விதி கோரும் எதிர்ச்சீர்மையை மட்டும் சுமத்தினாலே போதும், குறுக்கீட்டு உறுப்புகள் தோன்றிவிடும். ஓர் எலக்ட்ரான்கூட இடம்பெயர வேண்டியதில்லை. அந்த எதிர்ச்சீர்மையின் ஆற்றல் விளைவோ விலக்கம்! 2000-இல் கந்தி முதலானோர் கணக்கிட்டுக் காட்டியது இதைத்தான். கோட்பாட்டளவில், ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும் இரு நியான் அணுக்களுக்கும் இதே வகை அலைவு உண்டு. அங்கே சகப்பிணைப்பைத் தேடுவார் யாருமில்லை.

ஹைட்ரஜன் பிணைப்பின் குறுக்கே அணுக்கருக் காந்த ஒத்திசைவில் இணைவு காணப்படுகிறதே என்று கேட்கலாம். அதற்கும் அலைச்சார்புகளின் மேற்பொருந்தல் இருந்தால் போதும்; அதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

இதனால் நீரின் ஹைட்ரஜன் பிணைப்பு வெறும் நிலைமின் கவர்ச்சிதான் என்று ஆகிவிடாது. பனிக்கட்டியில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் நீட்சி அதிர்வெண் வெகுவாகக் குறைவதில், தனி இணையிலிருந்து எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குச் செல்லும் மின்னூட்டத்துக்கும் பங்கிருக்கக்கூடும். எவ்வளவு என்பது ஆற்றலைப் பிரிக்கும் முறைக்கு முறை மாறுகிறது. ஐயமற்ற பகிர்வைக் காண விரும்புவோர் பைஃபுளூரைடு அயனியைப் பார்க்கட்டும்: 2.26 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இரு ஃபுளூரின்கள், நட்டநடுவே ஹைட்ரஜன். பனிக்கட்டியிலோ 2.76 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் ஹைட்ரஜன் ஓர் ஆக்சிஜனிடமிருந்து ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ராம் தொலைவிலேயே ஒட்டிக்கிடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அருணன் தலைமையிலான குழு 2011-இல் வகுத்த, ஹைட்ரஜன் பிணைப்புக்கான பன்னாட்டு வரையறை நிலைமின் விசை, மின்னூட்டப் பெயர்வு, சிதறல் விசை மூன்றையும் குறிப்பிடுகிறது. எதற்கு எத்தனை பங்கு என்று சொல்லவில்லை. 1999-இன் அலைவுகளைக் கொண்டு அந்தப் பங்கைப் பிரிக்க வழியில்லை.