தேய்ந்த கொழுவால் டீசலும் வீண், நிலமும் இறுகும்: மணிலா விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

டிராக்டருக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் விவசாயிகள் பலர் கலப்பையின் கொழுவைப் பார்ப்பதில்லை. கொழு மழுங்கியிருந்தால் அதே நிலத்தை உழக் கூடுதல் நேரமும் டீசலும் பிடிக்கும். அதைவிடப் பெரிய இழப்பு மண்ணுக்கு அடியில் நடக்கிறது.

கொழு ஏன் தேய்கிறது?

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதன் அளவு 7. சாதாரண எஃகு இதைவிட மென்மையானது. எனவே ஒவ்வொரு சால் உழும்போதும் உப்புத்தாளால் தேய்ப்பதுபோல் கொழு கரைகிறது. திண்டிவனம் பகுதியில் மணிலா பயிராகும் மணற்பாங்கான செம்மண்ணில் தேய்மானம் அதிகம். காய்ந்த நிலத்தில் வேகமாக ஓட்டினால் இன்னும் கூடும். களிமண் நிலத்தில் தேய்மானம் குறைவு. ஆனால் ஈரம் மிகுந்தால் மண் இரும்பில் ஒட்டி இழுவை கூடும்.

நிலம் எப்படி இறுகுகிறது?

கூரான கொழு மண்ணைக் கிழித்துப் புரட்டும். மழுங்கிய கொழு ஆழம் இறங்காமல் அடிமண்ணை அழுத்தி மெழுகிவிடும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும், டிராக்டர் சக்கரம் திரும்பத் திரும்ப ஏறுவதாலும் உழவு ஆழத்துக்குக் கீழே கடினத் தட்டு உருவாகிறது. மழைநீர் இறங்காமல் தேங்கும். வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் வளைவதால், சில நாள் வெயிலுக்கே பயிர் வாடும். நெல்லுக்கு நீர் தேங்க இந்த இறுக்கம் உதவும். அதே வயலில் அடுத்து மணிலாவோ உளுந்தோ விதைத்தால் பாதிப்பு தெரியும்.

செய்ய வேண்டியவை

1. உழவுக்கு முன் புதிய கொழுவை அருகில் வைத்து நீளத்தையும் முனையையும் ஒப்பிடுங்கள். இருமுனைக் கொழுவை ஒரு முனை தேய்ந்ததும் திருப்பி மாட்டலாம்.

2. ரோட்டவேட்டர் கத்திகளை இரு பக்கமும் சமமாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அதிர்வு கூடும். போல்ட்டுகளை அடிக்கடி முடுக்குங்கள்.

3. பதம் பார்த்து உழுங்கள். ஒரு கைப்பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் காத்திருங்கள். உருண்டையே பிடிக்க வராவிட்டால் மண் காய்ந்துவிட்டது.

4. எப்போதும் ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டாமல், உழவுக் கருவியையும் ஆழத்தையும் மாற்றுங்கள்.

5. உழவு முடிந்ததும் மண்ணைக் கழுவி, துடைத்து, கொழுவில் எண்ணெய் தடவுங்கள். துருப்பிடித்த இரும்பில் மண் வழுக்காது, இழுவை கூடும்.

கடினத் தட்டு இருந்தால்

ஈரமுள்ள நிலத்தில் இரும்புக் கம்பியை மெல்ல அழுத்துங்கள். ஒரு சாண் ஆழத்தில் கம்பி சட்டென நின்றால், அங்கே குழி தோண்டி வேர் வளைந்திருக்கிறதா எனப் பாருங்கள். கடினத் தட்டு உறுதியானால் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கிலும், பிறகு குறுக்கிலும் உழ வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். எக்டருக்கு 12.5 டன் தொழு உரமும் இடுங்கள். உளிக்கலப்பை மண் காய்ந்திருக்கும் கோடையில்தான் தட்டை உடைக்கும். ஈரத்தில் உழுதால் மண்ணில் கோடு மட்டுமே விழும்.

உளிக்கலப்பையைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்குத் தருகிறது, அங்கே விசாரியுங்கள். யாரிடம் வாடகைக்கு எடுத்தாலும், வண்டி வயலில் இறங்கும் முன் கொழுவைப் பார்த்துவிடுங்கள்.