கோவளக் கரையும் மக்கா வழித்துணையும்

செங்கற்பட்டுக் கடற்கரையின் வரலாற்றை எழுதுவோர் மாமல்லைக் கற்றளிகளோடு நின்றுவிடுதல் வழக்கம். அதற்கு வடக்கே கோவளத்தில் தமீமுல் அன்சாரி தர்கா உள்ளது. நபித்தோழர் ஒருவரின் உடல் பேழையில் மிதந்து இக்கரையில் ஒதுங்கியது என்பது செவிவழி மரபு. இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. எனினும், அரபு நாட்டைத் தம் கடலுக்கு அக்கரை என்றே இம்மக்கள் எண்ணினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதின்று.

அக்கரை சேர்ந்த பின்னர் எங்குத் தங்குவது, எவரை நம்புவது? இவ்வினாவிற்கு விடை தேடியவருள் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா (1749-1795) குறிப்பிடத்தக்கவர். 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்குச் சாகீராக வழங்கியவரும் இவரே. மக்காவிலும் மதீனாவிலும் பயணிகள் தங்குதற்கு அமைந்த ‘ரபாத்’ எனும் இல்லங்கள் ஆர்க்காட்டுப் பெயராலேயே வழங்கின. கடனில் நாடு கைவிட்டுப் போயிற்று; விடுதியில் பெயர் நின்றது!

வழிகாட்டும் பணியை முதவ்விஃப் எனப்பட்ட மக்கா நகரக் குடும்பங்கள் வழிவழியாகச் செய்துவந்தன. இன்ன நாட்டார்க்கு இன்ன குடும்பம் என்னும் வரையறை இருந்தது. வழிபாட்டு முறை, உறைவிடம், ஒட்டகம் யாவும் அவர்கள் பொறுப்பு. கூலியும் அவர்கள் சொன்னதே. மொழி அறியாதவன் பேரம் பேசுவது எங்ஙனம்? அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் வணக்க முறைகளைக் கற்பித்தன என்பது உண்மையே. ஆயினும் நூல் வழக்குரைக்காது, நோயுற்றவனைத் தாங்காது.

நீராவிக் கப்பற் காலத்தில் பம்பாயே பெருந்துறையாயிற்று. தரகர் கொடுமை மிகவே, ஆங்கில அரசு 1886-இல் தாமஸ் குக் நிறுவனத்தாரிடம் பயண ஏற்பாட்டை ஒப்படைத்தது. சில ஆண்டுகளில் அதுவும் கைவிடப்பட்டது. சீட்டு விற்றல் வேறு, துணை நிற்றல் வேறு என்பதை அம்முயற்சி காட்டியது எனலாம்.

விடுதலைக்குப் பின் 1959-ஆம் ஆண்டு ஹஜ் குழுச் சட்டம் வந்தது. பிற்காலத்தில், பயணிகளுக்கு உதவ அரசு ஊழியர் சிலரைத் தேர்ந்து அவர்களுடன் அனுப்பும் முறையும் ஏற்பட்டது. தமிழ் பேசும் ஒருவர் உடன்வருதல், செங்கற்பட்டுச் சிற்றூர் மூதாட்டிக்கு எத்துணை நூல்களினும் மேலான உதவியன்றோ!

ஆனால் 2022-இல் புறப்பாட்டு நிலையங்களின் பட்டியலில் சென்னை இடம்பெறவில்லை. தமிழகப் பயணிகள் கொச்சி சென்று விமானம் ஏறினர். தமிழக அரசு வலியுறுத்திய பின், 2023-இல் சென்னையிலிருந்து மீண்டும் விமானங்கள் புறப்பட்டன.